அமாவாசை வரிசையில் என் இடுப்பு இளகியது

காலையில் கண் விழித்தால் எழ முடியாது. இடுப்பில் பலகை வைத்துக் கட்டியதுபோல இறுகிக் கிடக்கும். பக்கத்தில் கைக்குழந்தை அழுவாள். தூக்க முடியாமல் நானும் சேர்ந்து அழுவேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்தபடி உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து எழுந்தால் நிமிரவே நேரமாகும். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். படுத்தேன். படுக்கப் படுக்க வலி கூடியது. என் மாமியாரோ பக்கத்து வீட்டில், "காலையில படுத்துக்கினே கீறா, சாயந்திரம் நல்லா நடமாடுறா. இன்னா வலியோ!" என்று சொல்லிவிட்டார். இடுப்பு வலியைவிட அது வலித்தது. அத்திப்பட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை.

"பெருமாளே, குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இது என்னவென்று மட்டும் காட்டிவிடு." தினமும் இதுதான் என் வேண்டுதல்.

போன தை அமாவாசைக்கு எல்லோருமாகத் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நோய் கரையட்டும் என்று கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வரிசையில் நின்றோம். அப்படியொரு கூட்டம். நகர்வதும் நிற்பதுமாக மதியமாகிவிட்டது. கால் கடுத்து ஓரமாக உட்கார்ந்த மாமியார் என்னைப் பார்த்தார்.

"இன்னாடி செல்வி, இம்மா நேரம் கொழந்தைய தூக்கிக்கினு நிக்கிற. இப்ப இடுப்பு வலிக்கலையா?"

குத்தலாகத்தான் கேட்டார். ஆனால் அப்போதுதான் கவனித்தேன். வலிக்கவில்லை! காலையில் இருந்த இறுக்கம் நடக்க நடக்க விட்டுப்போயிருந்தது. சன்னிதியில் கைகூப்பியபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் மாமியார் வாயாலேயே பெருமாள் பதில் சொல்லிவிட்டான்!

அடுத்த வாரமே சென்னையில் மூட்டு நோய்களுக்கான டாக்டரிடம் போனோம். "படுத்தா அதிகமாவுது மேடம், நடந்தா கொறையுது" என்றேன். அவர் உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு நிறைய கேள்விகள் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்தபின், "முதுகெலும்பு மூட்டுல அழற்சி இருக்கும்மா. படுத்தே இருந்தா இன்னும் இறுகும். மாத்திரையோட தினமும் உடற்பயிற்சி செய்யணும்" என்றார். கூட வந்த மாமியார் திரும்பும்போது ரயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசனத மனசுல வச்சிக்காத கண்ணு."

வலி அடியோடு போய்விட்டதா? இல்லை. சில நாள் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அதன் பெயர் தெரியும், அதை இளக்கும் வழியும் தெரியும். கம்பெனியில் கேட்டு, நடமாடிச் செய்யும் வேலைக்கு மாறிவிட்டேன். விடிந்ததும் மாமியாரே வந்து எழுப்புகிறார். "எழுந்திருடி, ஏரிக்கரைக்குப் போலாம்!" இருவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடக்கிறோம். வீடு திரும்பி மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் வீடே சிரிக்கிறது.

வலியோடு இதை வாசிக்கும் அன்பர்களே, உங்களை யாரும் நம்பவில்லையென்று மனம் உடைந்துவிடாதீர்கள். எப்போது வலி கூடுகிறது, எப்போது குறைகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பெருமாளிடமும் சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.