எல்லோரும் வழுக்கித்தான் விழுந்தார்கள்

கட்டுப் போடுகிற வேலையில் பஞ்சு தீர்வதற்கு முன்னால் பொறுமை தீர்ந்துவிடும். எண்பதுகளில் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். ரத்தத்தோடு வருபவர்களுக்குக் காயம் எப்படி வந்தது என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. இந்த உத்தியோகம் பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

குழாயடி

அப்போதெல்லாம் கோடை வந்தால் குடத்தால் அடிபட்ட மண்டைகள் வரும். தெருக்குழாயில் வரிசை தப்பினால் போதும். ஒருநாள் இரண்டு பெண்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். எப்படி ஆச்சு என்றால் இருவரும் ஒரே குரலில் "வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார்கள். சரி, ராசியாகிவிட்டார்கள் என்று ஊசியை எடுத்தேன். ஒருத்தி மற்றவளை இடித்துத் தள்ளினாள்.

"கொழாயாண்டதான் முன்னால பூந்தா, தையலுக்குமா இவ முன்னால?"

கம்பவுண்டுச் சுவர்

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். குழாயடி மண்டைகள் குறைந்தன. அப்பாடா என்றிருந்தேன். மனை விலை ஏறியது, சண்டை சுவர் பக்கம் போனது. அஸ்தினாபுரத்திலிருந்து இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு ஆபீஸர் வந்தார். முழங்கையில் பக்கத்து வீட்டுக்காரரின் பல் வரிசை. அவரும் படித்தவர்தான். அரையடி தள்ளிக் கட்டிய சுவருக்காகக் கடித்திருக்கிறார்! மருந்து தடவப் போனால் இவர் கையை இழுத்துக்கொண்டார்.

"போட்டோகிராபர் வந்துட்டிருக்கார் சிஸ்டர். கோர்ட்ல காட்டணும், அதுவரைக்கும் ஆற விட்டுடாதீங்க."

பாத்ரூம்

செல்வி வீட்டில் பாத்ரூமே கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு மூன்று தடவை பாத்ரூமில் வழுக்கி விழுவாள். புருஷன் பக்கத்திலேயே நின்று, "பாத்து நடன்னா கேக்கறாளா?" என்பான். எனக்கு எரிச்சல் அவள் மேல்தான் வரும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கேட்காமலே "வழுக்கி விழுந்தார்" என்று எழுதிவிடுவேன்.

பிறகு அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போனாள். ஒருநாள் காலையில் உதடு கிழிந்து, தனியாக வந்தாள். பழக்கதோஷம், அதையே எழுதினேன். எட்டிப் பார்த்தாள். "மாத்தி எழுதுங்க. என் வூட்டுக்காரரு அடிச்சாரு. மகளிர் ஸ்டேஷன்ல குடுக்கணும்." உள்ளேயிருந்து டாக்டர், "நமக்கெதுக்கு வம்பு? அப்படியே இருக்கட்டும்" என்றார். ஸ்டேஷனில் காட்ட அந்த நோட்டின் நகல் இல்லாவிட்டால் அவள் மறுபடி அவனிடமேதான் போகவேண்டும். எல்லாம் தெரிந்தும் நான் பேனாவோடு விழித்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"இத்தினி வருசமா நான் பொய் சொல்லிக்கினு இருந்தேன், நீங்க எழுதிக்கினு இருந்தீங்க. இப்ப நெஜத்த சொன்னா பேனா ஓட மாட்டேங்குதா சிஸ்டர்?"

மாற்றி எழுதினேன். சம்பளக் கவர் கைக்கு வந்த ஆறே மாதத்தில் செல்விக்கு வந்த தைரியம், மாதாமாதம் அதை வாங்கிக்கொண்டிருந்த எனக்கு வர மட்டும் பதினைந்து வருஷம் பிடித்தது.