வாக்கியம் முடியும்வரை

உட்லண்ட்ஸில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நூறு பேருக்கு மேல். பழுதான மின்தூக்கி, காணாமல்போன பூனை, யார் வீட்டிலோ மிஞ்சிய கறிவேப்பிலை என்று எல்லாம் அதில் வரும். நான் அதிகம் எழுதுபவள் இல்லை. எழுதினால் நீளமாக எழுதுவேன். தஞ்சோங் பகாரில் ஒரு பல் மருந்தகத்தில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. நாள் முழுக்க ஒற்றை வரியில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால், சொந்தமாக எழுதும்போது முழு வாக்கியம் எழுத ஆசை வந்துவிடும். போன ஆண்டு அந்த ஆசை என்னை நல்ல வம்பில் மாட்டிவிட்டது.

நாங்கள் பதினொரு பெண்கள் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் கோலாட்டம் பழகிக்கொண்டிருந்தோம். பொங்கலுக்குத் தேக்கா வட்டாரத்தில் ஆட எங்களுக்கு மேடை கிடைத்திருந்தது. எங்கள் தலைவி என் தோழி. இருபது வருடப் பழக்கம். ஃபேரர் பார்க்கில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். வட்டாரக் குழுவில் அவள் இல்லை. காலை வணக்கப் பூக்களைத் தாங்க முடியாமல் எப்போதோ வெளியேறிவிட்டாள். ஆட்டக்காரர்களுக்கென்று இருந்த எங்கள் சின்னக் குழு மட்டும்தான் அவளுக்கு.

நாங்கள் ஆடும் இடத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், பேருந்து ஓட்டும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவருக்குப் புதிதாக அதிகாலை வேலை நேரம் வந்திருந்தது. மூன்று மணிக்கு எழ வேண்டும். கோல் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று வட்டாரக் குழுவில் எழுதினார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நகர மன்றத்துக்கு எழுதிப் பயிற்சியை நிறுத்தவைக்கலாம் என்று பேச்சு வளர்ந்தது. நான் எழுதினேன்:

“சனிக்கிழமை கோலாட்டப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும் என்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிறுத்துவது சரியில்லை. ஏழு மணிக்குத் தொடங்குவதை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.”

மறுநாள் மதியம் மருந்தகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி போனைப் பார்த்தேன். கோலாட்டக் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். தோழியை அழைத்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“எதுக்கு இப்ப போன் பண்ற?”

“என்ன ஆச்சு? என்னை ஏன் எடுத்துட்ட?”

“உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கே எழுதிப் போட்டுட்டு என்ன ஆச்சுன்னு என்னைக் கேக்குற. உடனே நிறுத்தணுமாம், உடனே!”

வைத்துவிட்டாள்.

வட்டாரக் குழுவைத் திறந்து பார்த்தேன். என் செய்திக்குப் பிறகு அறுபது எழுபது செய்திகள் வந்து குவிந்திருந்தன. நடுவில் அந்த அண்ணன் எழுதியது இருந்தது. “கோலாட்டம் ஆடுறவங்களே என்ன சொல்றாங்கன்னு பாருங்க” என்று தொடங்கி, மேற்கோள் குறிக்குள், என் பெயரோடு, “சனிக்கிழமை கோலாட்டப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும்.” அங்கே ஒரு முற்றுப்புள்ளி. நான் வைக்காத முற்றுப்புள்ளி. அதை யாரோ எடுத்துத் தோழிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“என்பவர்களின்” என்ற சொல்லுக்கு முன்னாலேயே வெட்டியிருந்தார். நம் மொழியில் கருத்து முதலில் வந்துவிடுகிறது. அது யாருடைய கருத்து என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்த இடத்தில் வெட்டினால் அடுத்தவர் சொன்னது அப்படியே நம் தலையில் விழும். பெட்டியில் இருந்த சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

என் செய்தியை முழுதாக மறுபடியும் போட்டேன். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒருவர் கேட்டார்: “முதல்ல எழுதினதுல ‘திருத்தப்பட்டது’ன்னு காட்டுதே? மாட்டிக்கிட்டதும் மாத்திட்டீங்களா?” திருத்தியது உண்மை. “பயிற்ச்சி” என்று தட்டிவிட்டு ஒரு “ச்” எடுத்திருந்தேன். அதைச் சொன்னேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். அவர் ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினார். ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த அண்ணன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பக்கவாதம் வந்த அவர் மனைவி, எங்கள் கோல் சத்தத்துக்கு ஏற்றாற்போல் நாற்காலியின் கையில் விரலால் தட்ட ஆரம்பித்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்லி, எங்களை ஒருநாளும் நிறுத்தாமல் ஆடச் சொல்லி எழுதியிருந்தார்.

“அதை எடுத்துக் குழுவுல போடு. ஒரே அடியில ஆள் காலி” என்றார் கணவர்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். குழுவைத் திறந்து படத்தை ஏற்றினேன். அனுப்பும் பொத்தானின் மேல் விரல் இருந்தது. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று படித்தேன். நன்றி இரண்டு வரிதான். மீதியெல்லாம் அந்த வீட்டுக்குள் நடப்பது. மனைவியை எப்படிக் குளிப்பாட்டுகிறார், எந்த நாளில் அழுதார் என்று. நூறு பேருக்குச் சொல்லும் விஷயமா அது? என்னிடம் நம்பிச் சொன்னது. நன்றி வரிகளை மட்டும் வெட்டிப் போடலாமே என்றும் தோன்றியது. தோன்றியதுமே வெட்கமாகிவிட்டது. எனக்கு அவர் செய்ததும் அதுதானே.

படத்தை அழித்துவிட்டு அவருக்குத் தனியாக எழுதினேன். “அண்ணே, நீங்கள் எனக்கு எழுதியதை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். ஆனால் நான் எழுதியதைப் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள். பேச வேண்டும்.”

நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தன. மறுநாள் பதில் வந்தது: “நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. கீழ காப்பிக் கடை.”

சீருடையோடு வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. தே தாரிக் வந்ததும், நுரை பொங்கிய அந்தப் பால் தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“தூக்கக் கலக்கத்துல சரியாப் படிக்கலைன்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன்” என்றார். “ஆனா படிச்சேன். முழுசாத்தான் படிச்சேன். மிச்சத்தைப் போட்டா எனக்கு உதவாதுன்னுதான் விட்டேன்.”

நான் என் தேநீரை ஒரு வாய் குடித்தேன். அவரே தொடர்ந்தார்.

“என் மெசேஜ நீங்க போட்டுருவீங்கன்னு நெனச்சேன். போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?”

“அது நீங்க எனக்கு எழுதினதுண்ணே. உங்களைக் கேக்காம எப்படிப் போடுறது?”

கோப்பையைத் தள்ளிவைத்தார். “அஞ்சு மணின்னா எனக்குப் பிரச்சினையே இல்லலா. அவளுக்கும் கேக்கணும், எனக்கும் தூங்கணும். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடச் சொல்லுங்க. நானே பேசுறேன்.”

குழுவை நடத்துவது கணினித் துறையில் வேலை செய்யும் ஓர் இளம் பெண். அவள் ஞாயிறு காலை எங்கள் புளோக்கின் குடியிருப்பாளர் அறைக்கு எல்லோரையும் அழைத்தாள். நாற்பது பேர் வந்தார்கள். யாரோ சொல்லித் தோழியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பாமல்.

அண்ணன் எழுந்தார். போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு என் செய்தியை முதல் சொல்லிலிருந்து கடைசி சொல்வரை வாசித்தார். “என்பவர்களின்” என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை சொன்னார்.

“இதுலேர்ந்து மிச்சத்தைத்தான் நான் வெட்டினேன். அவங்க எதையும் மாத்தலை. முதல் நாளே இப்படித்தான் இருந்துச்சு, நான் படிச்சேன். தப்பு என்னுது.”

பிறகு தன் மனைவியைப் பற்றி அவரே சொன்னார், அவருக்கு வேண்டிய அளவு. அதற்கப்புறம் கைதட்டல். மாட்டிக்கொண்டதும் மாற்றிவிட்டீர்களா என்று என்னைக் கேட்டவரும் எழுந்து நின்று தட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எத்தனையோ விவாதங்களில் வாயடைத்துப் போனவள் நான். அன்று ஜெயித்தேன், யாரையும் தோற்கடிக்காமல்.

பயிற்சி ஐந்து மணிக்கு மாறியது. ஒருவர்கூட மறுக்கவில்லை.

“இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன செய்யலாம், அக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போட்டால் வாக்கியம் முடியும்வரை போடவும். சுருக்கினால் சுருக்கியதாகச் சொல்லவும். தனியாக வந்த செய்தியை, எழுதியவரைக் கேட்காமல் வெளியே கொண்டுவரக் கூடாது. “அப்புறம், ஒருத்தரைப் பத்திப் போட்டா அவரும் அங்க இருக்கணும்” என்று அண்ணன் ஒன்றைச் சேர்த்தார். அவள் அதைக் குழுவின் உச்சியில் பொருத்தி வைத்தாள்.

வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்தாள்.

“இருபது வருஷமா உன்னைத் தெரியும். ஒரு வரியைப் பாத்துட்டு நம்பிட்டேன். கேட்டிருக்கணும்.”

“இப்ப கேளு.”

“என்னத்தக் கேக்க? சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து சேரு. ஒரு வாரம் விட்டிருக்க, அடி தப்பும்.”

ஒரு மாதத்தில் ஃபேரர் பார்க் பக்கத்துக் குழு ஒன்றிலும் எங்கள் விதிகள் போய்ச் சேர்ந்திருந்தன. தோழியின் வாடிக்கையாளர் ஒருவர் கடையில் வைத்துக் காட்டினாராம். ஒரு சொல் குறையாமல், கீழே எங்கள் குழுவின் பெயரோடு.

பொங்கலன்று தேக்கா மேடையில் ஏறினோம். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பதினொரு ஜோடிக் கோல்களும் ஒரே அடியாக விழுந்தன. நான் ஓரிடத்திலும் தப்பவில்லை. முடித்து வணங்கியபோது “இன்னொரு தடவை!” என்று முன்வரிசையில் யாரோ கத்த, பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒலிவாங்கியைத் தாழ்த்தி எங்களுக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுத்தார். மூச்சு வாங்க, வேர்த்து வழிய, முதலிலிருந்து ஆடினோம்.