வெள்ளிக்கிழமைத் தலைச்சுற்று

காத்தான்குடியில் நஸ்ஹாவின் பாமசிக்குள் போய் வெளியே வர முக்கால் நிமிடம் போதும். மருந்துத் துண்டை நீட்டினால் குளிசை பைக்குள் விழுந்துவிடும். "காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு, சாப்பிட்டுப் போடுங்க, அடுத்த ஆள்." இவ்வளவும் ஒரே மூச்சில் வரும். பதினொரு வருடமாக அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டம் 'எக்ஸ்பிரஸ்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது, டவுனில் மருந்தாளர்களுக்கு நடந்த சனிக்கிழமை வகுப்பு. நோயாளியோடு எப்படிப் பேசுவது, எதைத் தொட்டுப் பார்ப்பது, எதைக் கண்டால் டாக்டரிடம் அனுப்புவது என்று ஆறு வாரப் பாடம். முதல் வாரம், நோயாளியாக நடித்தவர் கதிரையில் குந்துவதற்கு முன்பே நஸ்ஹா மருந்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

"என்ன வருத்தம் எண்டு அவர் இன்னும் சொல்லவேயில்ல," என்றார் படிப்பித்தவர். "ஒரு கேள்விய கேளுங்க. பிறகு வாயை மூடிட்டு இருங்க."

வகுப்பே சிரித்தது. நஸ்ஹா சிரிக்கவில்லை. தன் வாய்க்குப் பூட்டு எங்கே விற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மற்றப் பாடங்களை வீட்டில் பழகினார். கத்தாரிலிருந்து லீவில் வந்த கணவர் நளீர் வசமாக அகப்பட்டார். நாளுக்கு ஐந்து தரம் அவர் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பிரஷர் பட்டி ஏறியது. இருத்தி ஒரு தரம், எழுப்பி ஒரு தரம்.

"நான் திரும்பிப் போறதுக்குள்ள எனக்கு உண்மையாவே பிரஷர் வந்திரும்," என்றார் நளீர். நஸ்ஹா அதையும் கொப்பியில் எழுதினார்.

கடையில் குழந்தைகளின் பம்பர்ஸ் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, பின்னால் இரண்டு கதிரை போட்டார். கவுண்டரில் நாலு பேர் காது கேட்க எவர்தான் வருத்தத்தைச் சொல்வார்?

அந்தக் கதிரைக்கு முதலில் வந்தவர் ஆரையம்பதி வினாயகமூர்த்தி. வாவியில் வலை வீசுகிறவர், அறுபத்தெட்டு வயது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகன் சிவதர்ஷன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தான்.

"தலைச்சுத்துக்கு நல்ல குளிசையாத் தாங்க மகள். போன தரம் தந்தது சரிவரல்ல."

அதற்கு முந்தின இரண்டு வெள்ளிக்கிழமையும் அவருக்குக் குளிசையைக் கொடுத்து அனுப்பியது நஸ்ஹாதான். முக்கால் நிமிடத்தில். அது நினைவு வந்ததும் பிரஷர் பட்டியைக் கையில் எடுத்தார்.

"வலை வீச நிண்டவர் அப்படியே தண்ணிக்குள்ள விழுந்திட்டார், அக்கா," என்றான் சிவதர்ஷன். "பக்கத்துத் தோணிக்காரன் இழுத்தெடுத்தான். தோணிய விக்கப் போறன். பழுகாமத்தில இருந்து ஆள் பின்னேரம் வாறார்."

கிழவர் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். குளிசை வேலை செய்தால் தோணி மிஞ்சும் என்றுதான் அவர் வந்திருக்கிறார்.

"பட்டி கட்டிப் பார்க்கட்டா, ஐயா?" என்று கேட்டு, இருத்திப் பார்த்தார் நஸ்ஹா. 112. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். 86. நின்றதும் பிரஷர் இறங்கிவிட்டது. கிழவர் பம்பர்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பெப்ப சுத்துது?"

"வெள்ளிக்கிழமையில."

"வெள்ளிக்கிழமை காத்தான்குடியில இந்தக் கடையத் தவிர எல்லாம் பூட்டு. அதுக்கு ஆருக்கும் தலை சுத்தும்," என்றான் மகன்.

"தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஐயா, வெள்ளிக்கிழமை எழும்பினதில இருந்து என்னென்ன செய்வீங்க?"

கேட்டுவிட்டு நஸ்ஹா நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டார். கவுண்டரில் யாரோ காசைத் தட்டி அழைத்தார்கள். நஸ்ஹா அசையவில்லை.

"முகம் கழுவுவன். தேத்தண்ணி குடிப்பன்." வினாயகமூர்த்தி யோசித்தார். "என்ட பிரஷர் குளிசையப் போடுவன். பிறகு சீதேவிட பிரஷர் குளிசையையும் போடுவன்."

"அம்மாட குளிசையையுமா?" என்றான் மகன்.

"அவ வெள்ளி விரதம். வெறுவயித்தில குளிசை போடக்கூடாதாம். கிளினிக்கில தந்தத வீணாக்கக் கூடாது எண்டு என்ட கையில தாறா. அவ சாப்பிடாத இடியப்பத்தையும் நான்தானே சாப்பிர்ற."

சிவதர்ஷன் கதிரை இல்லாமலே குந்திவிட்டான். நஸ்ஹாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் விழுங்கினார்.

"ஐயா, ஒரு ஆளுக்குரிய மருந்துதான் ஒரு உடம்பு தாங்கும். உங்களுக்குத் தலைச்சுத்துக் குளிசை தரமாட்டன். இப்பவே டாக்டர்ட்ட போங்க, ரெண்டு பிரஷர் கணக்கையும் எழுதித் தாறன். அவர் சொல்ற வரைக்கும் தோணியில ஏறக்கூடாது. இனி உங்கட குளிசை உங்களுக்கு மட்டும்."

"அப்ப தோணி?"

மகனின் போன் அடித்தது. பழுகாமத்து ஆள். சிவதர்ஷன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பம்பர்ஸ் பெட்டியில் இருந்த குழந்தைப் படத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், இண்டைக்கு வராதீங்க," என்றான் போனில். "டாக்டர் என்ன சொல்றார் எண்டு பார்ப்பம். இல்ல, தோணிக்கு ஒண்டுமில்ல. எங்கட அம்மாதான் அப்பாக்கு மருந்து வச்சிட்டா."

நஸ்ஹா கடிதத்தை மடித்துக் கிழவரின் கையில் வைத்தார்.

"திங்கக்கிழமை அம்மாவையும் கூட்டி வாங்க. அவவும் வெள்ளிக்கிழமை குளிசைய விடக்கூடாது. விரதத்தில எப்பிடிப் போடுற எண்டு டாக்டர்ட்ட கேட்டு, நீங்களே அவவுக்குச் சொல்லுங்க."

வினாயகமூர்த்தி வாசல் வரை போய் நின்றார்.

"அத நீங்களே சொல்லுங்க மகள். எனக்குத் தோணி தப்பினது போதும்."