மாமா கதவு வெட்டிய கார்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்து இறங்கிய உதவிச் சாமான்களைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதினால், வாசிக்கிறவர்களுக்குச் சிரித்தே வயிறு நோகும். திருகோணமலை வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வந்தது. மாரியிலும் வேர்த்து வடிகிற சனத்துக்குக் கையுறை வந்தது. எங்கள் வீட்டுக்குள் கடல் வரவில்லை. ஆனாலும் எல்லாம் இழந்த மாமா எங்களோடு இருந்தபடியால் எங்களுக்கும் ஒரு பங்கு தந்தார்கள். பெரியவர்களுக்குப் பாயும் பருப்பும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விளையாட்டுப் பெட்டி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை கிடைத்தது. என் பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு நீலக் கார் படம் இருந்தது. ஆசையோடு பிரித்தால் உள்ளே கார் இல்லை. சில்லு ஒரு பக்கம், கூரை ஒரு பக்கமாக, கொப்பில் காய் தொங்குகிற மாதிரிப் பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருந்தன. ஒட்டிக்கொள்ள ஒரு சின்னப் பசைக் குழாயும், எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு தாளும். எனக்கு வந்த ஆத்திரத்தில் முழுவதையும் மாமாவின் கதிரைக்குக் கீழே கொட்டிவிட்டு அழுதேன்.

மாமா அம்மாவின் தம்பி. வான் வைத்து ஹயருக்கு ஓடியவர். சந்தியில் திரும்பும்போதே பாட்டுச் சத்தத்தில் அவர்தான் வருகிறார் என்று தெரிந்துவிடும். அன்றைக்குக் கடல் வந்து மாமியையும் அவர்களுடைய நாலு வயதுப் பிள்ளையையும் கொண்டுபோனது. மாமா மட்டும் மிஞ்சினார். அம்மாதான் அவரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். யன்னலோரக் கதிரையில் இருத்தினால் பொழுதுபடும்வரை அப்படியே இருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். இவன் இப்படியே இருந்து இருந்து போய்விடுவான் என்று அம்மா குசினிக்குள் நின்று அப்பாவிடம் சொல்லி அழுவது எனக்குக் கேட்கும். அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது. தம்பி அந்தக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நான் கொட்டிய துண்டுகளை மாமா இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து பொறுக்கினார். எழுத்தைத் தள்ளிவிட்டுத் தாளிலிருந்த படங்களை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினார். ஒருநாள் திடீரென்று என்னைப் பார்த்து, நகப்பூச்சு இருக்கா பிள்ளை என்று கேட்டார். அந்த மாதத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். அம்மா போட்டது போட்டபடி ஓடிப்போய் மூன்று நிறத்தில் வாங்கிவந்தார்.

அதோடு வீட்டுக்கு ஒரு வேலை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, பழைய சாமான் கடைகளில் கிடந்த உடைந்த மொடல் கார்களைத் தேடிக் கொண்டுவந்தார். மாமா அவற்றைப் பிரேக் ஒயிலில் ஊறவைப்பார். விடிந்து பார்த்தால் பழைய பெயின்ற் தோலாக உரிந்து வரும். மங்கிப்போன கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துத் தெளிய வைப்பார். மெழுகுதிரியில் பிளாஸ்டிக் குச்சியை வாட்டி மயிர் போல இழுத்து ரேடியோ ஏரியல் வைப்பார். நான் பக்கத்தில் இருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

ஒரு விசர் மட்டும் அவரிடம் இருந்தது. அந்த மாதிரிக் கார்களுக்குக் கதவு திறக்காது. உடல் முழுவதும் ஒரே வார்ப்பு, கதவு இருக்கிற இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். மாமா பிளேட்டின் முதுகால் அந்தக் கோட்டில் இழுத்து இழுத்து, நாள்கணக்காக இழுத்து, கதவை வெட்டி எடுத்துவிடுவார். பிறகு செப்புக் கம்பியில் பிணைச்சல் செய்து திரும்பப் பூட்டுவார். எந்தக் கார் வந்தாலும் அதன் எல்லாக் கதவும் திறக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. திறக்கிற கதவு திறக்காத கதவைவிட நல்லதுதானே.

அடுத்த விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன். தொலைபேசியில் அம்மா மாமாவின் கைவேலையைப் பற்றி அளந்து வைத்திருந்தபடியால், அவர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துவாயால் சுற்றி ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்திருந்தார். கனடாவுக்குப் போன முதல் பனிக்காலத்தில், பேச ஆளில்லாமல் நிலக்கீழ் அறையில் தனியே இருந்து அவர் செய்த கார் அது. யாரோ தட்டிவிழுத்திக் கூரை உடைந்து, ஒரு சில்லும் கழன்றிருந்தது. எதைப் பற்றியும் சத்தமாகக் கதைக்கிற மனிதர், அந்தக் காரைத் தொடும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, இதைச் சரியாக்கித் தந்தால் அங்க என்ர கூட்டாளிமார் எல்லாரும் தங்கட தங்கட காரை அனுப்புவினம். மாசம் மாசம் பார்சல் வரும், உமக்கு ஒரு தொழிலாப் போயிடும். ஆனா ஒண்டு. இருந்தபடியே இருக்கோணும். ஒண்டையும் மாத்தக்கூடாது."

மாமா, ஓம் அண்ணை என்றார். அம்மா அன்றைக்கே காளி கோயிலுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்த்தி வைத்தார்.

பெரியப்பா கன்னியா, நிலாவெளி, சாம்பல்தீவு என்று சொந்தக்காரர் வீடுகளெல்லாம் சுற்றிவிட்டு வருவதற்குள் மாமா வேலையில் இறங்கினார். நான் கிட்டப் போனால் அம்மா கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். மாமா தாடியை வழித்தார். தானாகவே தேத்தண்ணி கேட்டார். ஒரு மத்தியானம், மீன் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு அக்கா என்று குறை சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அகப்பைக் காம்பால் வாங்கியிருப்பார்கள். அம்மாவுக்கோ அன்று முழுவதும் வாயெல்லாம் பல்.

கூரை ஒட்டியது தெரியவில்லை. சில்லு உருண்டது. பழைய சிவப்பையும் புதுச் சிவப்பையும் பிரித்துச் சொல்ல என் கண்ணாலேயே முடியவில்லை. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமா அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அம்மா தேத்தண்ணியோடு போனபோது, விரித்திருந்த பேப்பரில் சிவப்புத் தூள் சிந்திக் கிடந்தது.

"என்னடா செய்யிறாய்? ஒண்டையும் மாத்த வேண்டாமெண்டு கனடா அத்தான் சொன்னவரெல்லோ."

"பூட்டிக் கிடக்குது அக்கா. எனக்குப் பார்க்க ஏலாமக் கிடக்கு."

அம்மா பிளேட்டைப் பிடுங்குவார், ஏசுவார் என்று நான் கதவோரம் காத்து நின்றேன். அவரோ கோப்பையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அம்மா மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியப்பா வந்தார். காரைக் கையில் வாங்கி உயர்த்திப் பார்த்தவரின் கண் கலங்கியது. தம்பி, நீர் கெட்டிக்காரன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். மாமா சின்ன விரலை நீட்டிக் கதவைத் தொட்டார். கதவு திறந்துகொண்டது.

பெரியப்பாவின் முகம் கறுத்துப்போனது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பில்லை.

"இஞ்ச வந்து பாருங்கோ. கதவுக்கு உள்பக்கத்திலயும் ஊசித் துண்டில கைப்பிடி வச்சிருக்கிறார். உள்ளுக்க இருந்து ஆர் தம்பி திறக்கிறது?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். மாமா யாரையும் பார்க்கவில்லை. எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி ஒன்றைத்தான் போட்டார், மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அப்பா தொடங்கினார். வாயை மூடுங்கோ என்றார் அம்மா. அப்பாவை அம்மா அப்படி அதட்டி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

பெரியப்பா காரை அதே துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பார்சல் ஒன்றும் வரவில்லை. மாமா அதற்குப் பிறகு பிளேட்டைத் தொடவில்லை. திரும்பவும் அந்தக் கதிரை, அந்த யன்னல். சில வருடங்கள் அப்படியே இருந்து, ஒரு காய்ச்சலைச் சாட்டாக வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கையில் வந்த வாழ்வை ஒரு பிளேட்டால் வெட்டி எறிந்த மனிதர் என்றே அவரை நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு ஒரு மகள். போன மாதம் அவளையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கப்பல்துறைப் பக்கம் போனேன். சின்னவள் கதவை நோண்டுகிறாள் என்று, உள்ளேயிருந்து திறக்காதபடி பின்கதவுப் பூட்டைப் போட்டேன். அம்மா என் கையைப் பிடித்தார். அதை எடுத்துவிடு பிள்ளை என்றார். எடுக்கும்வரை காரை எடுக்க விடவில்லை. பிறகு ரோட்டைப் பார்த்தபடி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சொன்னார்.

மாமாவின் பிள்ளை வான் ஓடும்போதே இழுவைக் கதவைத் திறந்து விளையாடுவாளாம். விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் உள்பக்கக் கைப்பிடியை மாமாவே கழற்றிவிட்டாராம். அன்றைக்குக் கடல் பின்வாங்கிய புதினம் பார்க்கச் சனம் ஓடியது. மாமாவும் வானை நிறுத்தி இறங்கினார். பிள்ளை கடலுக்குள் ஓடிவிடும் என்று தாயையும் பிள்ளையையும் உள்ளே இருக்கச் சொல்லி, அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போனார். தண்ணீர் வானைத் தூக்கி மதிலில் அடித்தது. முன்பக்கம் நசுங்கிப்போக, வெளியே வர அந்த ஒரு கதவுதான் மிஞ்சியது.

பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு விடை தெரிந்த இரண்டு பேர் அந்த அறைக்குள் நின்றதை நான் அறியவில்லை. அவ்வளவு சின்னக் காருக்குள் இருக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவருமே இல்லை என்றுதான் நினைத்தேன்.