தொட்டால் விற்றுவிடும்

வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டுதான் பெரியம்மா நேற்று வரை பயணிகளிடம் பேசினார். பேருந்து முன்பதிவுக் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவர். மேலாளருக்கே பயந்ததில்லை. தன் ஆள்காட்டி விரலுக்குத்தான் பயம்.

பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் விசைப்பலகைதான். கண் பயணியின் முகத்தில் இருக்கும். விரல்கள் கீழே தம் பாட்டுக்குத் தட்டும். முழங்காலைத் தேய்ப்பவருக்குக் கதவோரம். சண்டை போட்டுக்கொண்டே வரும் புருஷன் பெண்டாட்டிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. கேட்காமலே கிடைக்கும்.

போன மாதம் தொடுதிரை வந்தது. பெரியம்மாவுக்குத் திரையில் விரல் வைத்துக் காட்டிப் பேசித்தான் பழக்கம். "இதோ, இந்த ஜன்னல் சீட் காலியா இருக்கு பாருங்க" என்று ஒரு பயணிக்குக் காட்டினார். சீட்டு அச்சாகி வந்து நின்றது.

"நான் வேணும்னு சொல்லவே இல்லையேம்மா!"

"நானும் விக்கலைங்க. அதுவா வித்துக்கிச்சு."

பொத்தான்களும் வாரம் ஒரு இடத்துக்குப் போகின்றன. "வீடு மாத்துறவங்ககூட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாங்கடா" என்று என்னிடம் சொல்வார். குனிந்து தேடவே நேரம் போதவில்லை. முகத்தை எங்கே பார்ப்பது?

தோற்கிற ஆள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒருமுறை காட்சியை நான் தலைகீழாக்கி வைத்தேன். பெரியம்மா மானிட்டரைக் கவிழ்த்து, இரண்டு புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து வேலையை முடித்துக்கொண்டார். என் பாடப்புத்தகங்கள்தான். அதற்காவது உதவின.

மேலாளர் விதி போட்டுவிட்டார். தவறாகப் போட்ட சீட்டுகளில் மாதத்துக்கு மூன்றுதான் ரத்து செய்யலாம். நாலாவது ரத்து விழுந்தால் பார்சல் அறைக்கு மாற்றல். அங்கே ஜன்னல் கிடையாது. பார்சல்கள் பேசுவதும் கிடையாது. பெரியம்மாவுக்கு முதல் வாரத்திலேயே மூன்றும் தீர்ந்தன. அன்றுதான் கை முதுகுக்குப் போனது.

நேற்று மாதக் கடைசி நாள். நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். காலில் மாவுக்கட்டும் கக்கத்தில் ஊன்றுகட்டையுமாக ஒருவர், பஸ் எங்கே வரும் என்று கேட்க வந்தார். கையிலிருந்த சீட்டைப் பெரியம்மா வாங்கிப் பார்த்தார். கடைசி வரிசை, நடு இருக்கை.

"இதை யாரு குடுத்தது?"

"நீங்கதாம்மா, அரை மணி முன்னாடி. பரவால்ல, சமாளிச்சுக்கறேன்."

பக்கத்துக் கவுன்டர்காரர் எட்டிப் பார்த்தார். "அவரே பரவால்லங்கறாரு. இந்த மாசக் கணக்கு முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான்க்கா. கம்முனு விடுங்க."

பெரியம்மா எழுந்து நின்று, மேசைக்கு மேலாகக் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். உட்கார்ந்தார். ரத்துப் பொத்தான் மறுபடி இடம் மாறியிருந்தது. தேடிக் கண்டுபிடித்தார். ஒரே குத்து.

"எங்க ஒக்காந்தா நீட்ட முடியும்னு உங்க காலுக்குத்தான தெரியும்? நீங்களே தொடுங்க" என்று திரையை இரண்டு கையாலும் பிடித்து, முழுசாக அவர் பக்கம் திருப்பினார்.