சாக்கின் எடை

“மொதல்ல வெறும் பைய வைங்க அத்தா.”

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில், அத்தாவின் அரிசிக் கடையிலேயே நின்றுகொண்டு ஷிஃபா இப்படிச் சொல்கிறாள். வீட்டுக்கு எடுத்துப்போகும் ஐந்து கிலோ அரிசிக்குத்தான் இந்தக் கெடுபிடி. வெறும் பை தராசில் ஏறுகிறது, எண்ணைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது, அப்புறம்தான் அரிசி. மீன்காரம்மாவிடமும் இதே கூத்து. ஒன்பது நாளாக இப்படி.

“அரிசிக்குள்ள இருக்குற காத்தையும் கழிச்சுடவாம்மா?” என்கிறார் அவளைப் பெற்ற அத்தா ஹபீப் முகம்மது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

வயது இருபத்திமூன்று; பி.எஸ்ஸி. புள்ளியியல். அரசின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் தரவுப் பயிற்சியாளர். ஓராண்டுப் பயிற்சி முடிந்ததும் எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் வேலை. பயிற்சிக்கு ஆர்டர் வந்த அன்று வீட்டில் நெய்ச்சோறு ஆக்கினார்கள். துபாயிலிருக்கும் அண்ணன் ஃபஹத், முழங்கால் சேற்றோடு அவளை வீடியோவில் பார்த்துவிட்டுக் கெக்கலித்தான்: “டேட்டா வேலைன்னா ஏ.சி. ரூமு, ரெண்டு மானிட்டருன்னு நெனச்சேன். நீ நடவுக்குப் போன மாரில்ல நிக்கிறே!” அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விசா காத்திருப்பது அவளுக்குத் தெரியும். இங்கே சரிவராவிட்டால் அங்கே ஒரு சரக்குக் கம்பெனியில் பில் அடிக்கும் வேலை. அவள் தெருவில் பாதி வீடு அப்படிக் கிளம்பிப் போனதுதான்.

அறுவடைக்கு முன், கணினி தரும் எண்களின்படி வயலின் மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி குறுக்கே அவள் நடக்க வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, நிறுக்க வேண்டும். அந்தக் கிலோவை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேரின் மகசூல். நான்கு வயல்களின் சராசரி வரம்புக்குக் கீழே போனால் கிராமம் முழுவதற்கும் பயிர்க் காப்பீடு உண்டு. மேலே நின்றால் ஒருவருக்கும் கிடையாது.

ஆலங்கொல்லை அவளுடைய முதல் கிராமம். அடிகளை வாய்விட்டு எண்ணித்தான் நடப்பாள்; யார் பேசினாலும் நிறுத்தமாட்டாள். அங்கே மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்குச் செய்யும் துரைராசு வரப்பிலேயே கூட வந்தார்.

“ஏம்மா, நாலடி தள்ளி நின்னா கொறஞ்சா போயிடுவே? அங்க பாரு, கதிரு சாஞ்சு மொளச்சுக் கெடக்கு.”

“முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு...”

“கட்டிக்கப்போற மாப்பிள்ள பேச்சக் கேக்குற மாரில்ல அந்த நம்பரு பேச்சக் கேக்குறே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இவ்வளவு கறார் காட்டியவளுக்கு, நிறுக்கும்போது பிசகியது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. உடன் வந்தவர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். துரைராசு கொடுத்த சாக்கில் நெல்லைக் கொட்டி, தராசில் வைத்து, தெரிந்த எண்ணை எழுதினாள். நான்கு வயலுக்கும் அதே சாக்கு. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த மூட்டையெல்லாம் சாக்கோடுதான் எடை. கடையில் சாக்கைக் கழித்துப் பார்க்கும் வழக்கமே கிடையாது. அரிசிக் கடைக்காரர் மகளின் கை அந்தப் பழக்கத்திலேயே எழுதிவிட்டது.

மூன்றாம் நாள் பல் துலக்கும்போது உறைத்தது. சாக்கு எவ்வளவு இருக்கும்? அரைக் கிலோவுக்கு மேல். அதை நானூறால் பெருக்கினால்? இருநூறு கிலோவுக்கு மேல். ஆலங்கொல்லை வரம்பைத் தாண்டியிருந்ததே நூற்றுப்பத்து கிலோவில்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

திருத்தக் கடிதத்தை அன்றே எழுதிவிட்டாள். கொடுக்கத்தான் இல்லை. கோப்பின் பின்பக்கம் செருகி வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி மடித்து, மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை எண்களைப் பூட்டிவிடுவார்கள். திங்கள்கிழமை அந்த இரண்டு வேலைக்கு நேர்காணல். வெள்ளியன்று தப்புச் செய்தேன் என்று வந்து நிற்பவளைத் திங்களன்று யார் எடுப்பார்கள்? ஃபஹத் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை துரைராசு வீட்டுக்குப் போனாள். சாக்கு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டாள்.

“வெறுஞ் சாக்க வச்சு என்னம்மா ஆராய்ச்சி?”

சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும். அவர் கொடியிலிருந்து சாக்கை இழுத்தார்.

“இத வெளிய சொன்னா ஒன் வேலை போயிடுமா?”

“தெரியலங்க.”

“சொல்லுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லாதேன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். எடுத்துட்டுப் போ.” சாக்கை இரண்டு தடவை உதறி, நாலாக மடித்துக் கையில் வைத்தார்.

மறுநாள் காலை, அவள் பயிற்சிக்குப் பொறுப்பான அலுவலர் சாவித்திரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தராசுல கோளாறுன்னு எழுதிடு. எடையும் திருத்தினாப்ல ஆச்சு, ஒன் பேரும் கெடாது. தராசு வந்து சாட்சியா சொல்லப்போவுது?”

நல்ல மனசோடு சொன்னதுதான். கோளாறு என்று எழுதிவிட்டால் ஆலங்கொல்லைக்கும் நியாயம் கிடைக்கும், திங்கட்கிழமையும் பிழைக்கும். ஆனால் அதற்குப் பிறகு இதே தராசில் அவள் நிறுத்த மற்ற ஊர்களின் எண்களை யார் நம்புவார்கள்?

மூலையிலிருந்த தராசைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். மடித்த சாக்கை அதன்மேல் வைத்தாள்.

“தராசு நல்லாத்தான் மேடம் இருக்கு.”

சிவப்பு எண் அறுநூறு கிராமுக்கும் எழுநூறுக்கும் நடுவே தத்தளித்தது.

“எங்க நல்லாருக்கு? ஆடுது பாரு” என்றார் சாவித்திரி, பாதி ஆசையோடு.

சாக்கின் மேல் நடுங்கிக்கொண்டிருந்த தன் விரல்களை ஷிஃபா பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். எண் அறுநூறில் நின்றது.