பஸ்ஸில் படித்த அனாடமி

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நான் நர்சிங் படித்த கல்லூரியில், முதல் வருஷ அனாடமித் தேர்வில் பாதி வகுப்பு தோற்றது. நானும் தோற்றேன். முக்கால்வாசிப் பேர் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். எலும்பெல்லாம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் வாயில் நுழையாது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. கிராமப்புற மாணவிகளுக்கென்று கற்றல் உதவி மையம் திறந்தது. திறப்பு விழாவில், ஆங்கிலத்தைக் கண்டு பயப்படக் கூடாது என்று சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் ஆங்கிலத்திலேயே பேசினார். மற்றவர்கள் கைதட்டிய இடத்தில் நாங்களும் தட்டினோம். விழா முடிந்ததும் அறையைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் உள்ளே போனால் புதுப் புத்தகம் அழுக்காகிவிடுமாம்.

அதனால் விழுப்புரம் பஸ்ஸில் படித்தோம். பனமலையிலிருந்து வந்த என் தோழிதான் சொல்லிக்கொடுப்பாள். அவளும் தோற்றவள்தான், ஆனால் விடமாட்டாள். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரின் கையைக் காட்டி, "மடங்குது பாரு, மேல ஹியூமரஸ், கீழ ரேடியஸ், அல்னா" என்பாள்.

ஒருநாள் அவர் கேட்டுவிட்டார். "இன்னாம்மா, என் கையவே பாத்துக்கினு இருக்கீங்க?"

"பரீட்சைண்ணா."

"அப்ப நல்லா பாத்துக்கம்மா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

கல்லூரியைப் பார்வையிடப் பெண் அதிகாரி ஒருவர் வந்த அன்றுதான் மையத்தின் பூட்டு திறந்தது. எங்களை உள்ளே வரிசையாக உட்காரவைத்தார்கள். அந்த அம்மா என் தோழியிடம், "இங்க என்னம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"இன்னைக்குத்தான் மேடம் உள்ள வர்றோம்."

"அப்போ எங்க படிக்கிறீங்க?"

"பஸ்ஸுல மேடம்."

"தமாஷ் பண்ணுது மேடம்" என்றார் பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வர். அவர் முகம் வேர்த்திருந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. மூலையில் நின்ற எலும்புக்கூட்டைக் காட்டிக் கேள்வி கேட்டார். தோழி கை எலும்புகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். தினமும் மையத்தைத் திறக்க வேண்டும், தமிழில் விளக்க ஆசிரியர் வேண்டும் என்று உத்தரவானது.

அன்று மாலை முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, "காலேஜ் மானத்த வாங்கிட்டீங்க" என்றார். பஸ் ஏறும் வரை தோழி அழுதாள்.

அடுத்த வாரம் ஓர் இளம் ஆசிரியை வந்தார். அவரும் தமிழ்வழியில் படித்தவர். வகுப்பில் தமிழ் பேசினால் முதல்வருக்குப் பிடிக்காது என்பதால், "ஜல்தி, கதவ சாத்துங்கடி" என்றுதான் பாடத்தைத் தொடங்கினார்.

மறுதேர்வில் இருவரும் தேறினோம். ஆண்டு விழாவில் முதல்வர் தோழிக்குச் சால்வை போர்த்தி, "இது எங்க மையம் வளத்த பொண்ணு" என்றார். அவள் மறுக்கவில்லை. சால்வை நல்ல கம்பளி என்று என்னிடம் சொன்னாள்.